கொழும்பு – ரொறன்ரோ 13 மணித்தியாலம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு 14,000 கிலோமீற்றர், பயண நேரம் 13 மணித்தியாலம் என்று போட்டிருந்தீர்கள். தூரம் சரி. நேரம் பெரிய பிழை. பெரிய விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில்தான் போகும், எங்கும் இறங்காமல் பறந்தாலே 15 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், அப்படி இருக்க வழக்கமாக இடையில் எங்காவது மாறித்தானே போகிறோம்.

இந்த 13 எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். போன வருடம் நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். அம்மாவின் ரிக்கற்றில் புறப்பாடு காலை 10 மணி, போய்ச் சேர்வது இரவு 11 மணி, இரண்டும் ஒரே திகதி. கழித்துப் பார்த்தேன், 13. அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்று யோசிக்கவே இல்லை. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், நவம்பரில் அங்கே மணிக்கூட்டை மாற்றிய பிறகு பத்தரை. அம்மா டுபாய்க்குப் பறந்தது நாலரை மணித்தியாலம், அங்கே காத்திருந்தது 4, பிறகு ரொறன்ரோவுக்கு ஒரே ஓட்டமாக 14. ஆக இருபத்திரண்டரை, அதாவது அந்த 13உம் கோடை வித்தியாசம் ஒன்பதரையும்.

அதுவும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து எண்ணினால்தான். தருமபுரத்தில் வான் வெளிக்கிட்டது முதல் நாள் இரவு 11 மணிக்கு, ஏ9 வீதியால் ஓடி விடிய 7 மணிக்குப் போய் இறங்கினோம். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, எங்களுக்குக் கிட்டவும்தான், ஆனால் அங்கிருந்து வெளிநாடு என்றால் இந்தியாவுக்குத்தான் பறக்கலாம்.

அம்மா சலரோகக்காரி. நான் 13 மணித்தியாலத்தை நம்பி இரண்டு வேளைக் குளிசையைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துவிட்டு, மிச்சத்தை எல்லாம் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டேன். டுபாயில் இரண்டாவது விமானம் ஏறும்போதே அது முடிந்துவிட்டது. ரொறன்ரோவில் இறங்கும்போது அம்மாவின் கை மணிக்கூடு எங்கள் ஊர் நேரம் காலை எட்டரை காட்டுகிறது, வெளியே ஒரே இருட்டு, “இன்னும் விடியேல்லையோ” என்று பக்கத்துச் சீற்றுப் பிள்ளையைக் கேட்டிருக்கிறா. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுகிறது.

வன்னியிலிருந்து இப்படித் தனியாகப் போகிறவர்களில் கனபேர் பேரப்பிள்ளையைப் பார்க்க முதல் தடவை விமானம் ஏறும் அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள். அவர்களை அனுப்பிவைப்பவர்கள் உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் சாப்பாடும் மருந்தும் கட்டுகிறார்கள். தயவுசெய்து பறக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், ஊர் நேர வித்தியாசம் என்று மூன்றையும் பிரித்துப் போடுங்கள், இந்தக் கிழமையே திருத்தமும் போடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா ஆவணியில் போகிறா, உங்கள் பக்கத்தை வெட்டி வைத்திருந்தா. நான் 13ஐ வெட்டி மேலே, வீட்டு வாசலிலிருந்து எண்ணி, 34 என்று எழுதி, மூன்று நாள் மருந்தைக் கைப்பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாசகி,
தருமபுரம், கிளிநொச்சி