மானுக்கு எந்தச் சன்னம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த மான் வேட்டைக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் பொடியன்மார் வகுப்புக்குப் போய், லைசென்ஸ் எடுத்து, செம்மஞ்சள் அங்கி போட்டு முறையாகக் காட்டுக்குப் போவதை எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் குறி சரியாக இருந்தால் எந்த ரவையும் போதும் என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. அதைப் பேசாமல் விட என்னால் முடியவில்லை. பதினொரு வருஷமாக நவம்பரில் இங்கே ஒன்ராறியோவின் ஹலிபேர்ட்டன் பக்கம் மான் வேட்டைக்குப் போய்வருகிறேன். அப்படி நினைத்துப் போனால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

நாலு வருஷத்துக்கு முன்னர் எங்களோடு புதிதாக வந்த ஒருவர் எஸ்.கே.எஸ். என்ற பழைய சோவியத் இராணுவ றைபிள் கொண்டுவந்தார். அதற்குப் பெட்டிக்கணக்கில் மலிவாக வாங்கிய பழைய இராணுவ ரவை. அறுபது யார் தூரத்தில் ஒரு கிடாய் பக்கவாட்டில் நின்றது. வெடி முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், படவேண்டிய இடத்தில்தான் பட்டது. மான் ஒரு தரம் துள்ளிவிட்டு ஓடியது. நின்ற இடத்துச் சருகில் இரண்டு துளி இரத்தம், பிறகு இருபது அடிக்கு ஒன்றுமே இல்லை. இருட்டும் மட்டும் நாலு பேர் தேடினோம். அடுத்த நாள் காலை சதுப்பு ஓரத்தில் கிடந்தது. பின்தொடைகளைக் கொயோட்டிகள் என்ற ஓநாய் இனம் தின்றிருந்தது, நெஞ்சுக்கூடு மட்டும் முழுசாக இருந்தது. புரட்டிப் பார்த்தேன். சன்னம், அதாவது ரவையின் நுனியிலிருந்து பறந்துபோகும் துண்டு, உள்ளே போன துளையும் வெளியே வந்த துளையும் ஒரே அளவு, பென்சில் பருமன். சுட்டவரின் குறியில் ஒரு பிழையும் இல்லை. அந்த மான் எவ்வளவு நேரம் மூச்சுத் திணறிக் கிடந்ததோ என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இராணுவச் சன்னம் மூக்கு முதல் உலோக உறையால் மூடியது. உடம்பில் பட்டாலும் விரியாது, ஊசி போல ஊடுருவிப் போய்விடும். இராணுவங்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1890களில் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதசாலையில், மூக்கில் ஈயம் வெளியே தெரிய விட்ட சன்னம் செய்தார்கள். அது பட்டவுடன் விரிந்து பெருங்காயம் உண்டாக்கும். 1899இல் ஹேக் மாநாட்டில், போரில் அந்த வகையைப் பாவிக்கக்கூடாது என்று பிரகடனம் வந்தது. இலங்கையில் எங்கள் சனம் பார்த்த சன்னமெல்லாம் போர்ச் சன்னம்தான். முற்றத்தில் பொறுக்கியதும் அதுதான், சுவரிலிருந்து தோண்டியெடுத்ததும் அதுதான். அதனால் சன்னம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று மனதில் பதிந்துபோயிற்று. மானுக்கு நியாயம் வேறு. அது சில விநாடிகளில் விழவேண்டும், அதற்குச் சன்னம் நுரையீரலுக்குள் விரியவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் பெருவிலங்குகளுக்கு விரியாத சன்னம் சட்டப்படி கூடாது. இங்கிலாந்திலும் மானுக்கு விரியும் சன்னம்தான் சட்டம்.

விரிந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. நரிக்கும் மர்மொட் என்ற பெரிய அணில் இனத்துக்கும் என்று மெல்லிய உறையில் வருகிற இலேசான சன்னங்கள் மானின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும். கையகலச் சதை நாசமாகும், உள்ளே ஒன்றும் போய்ச் சேராது. ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கருக்கு 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற மிகப் பெரிய மான் ஒன்றைச் சுட்டபோது இதே சங்கடம் வந்தது. சன்னங்கள் ஆழமாக இறங்கவில்லை. அவர் திரும்பிப் போய், நடுவில் செம்புத் தடுப்பு விட்ட சன்னம் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி எடை குறையாமல் உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். 1948இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் கடையில் இருக்கிறது.

வன்னியில், ஒட்டுசுட்டானில் என் அப்பாவிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. மருந்து போட்டு, தும்பு வைத்து, ஈயம் போட்டுக் கம்பியால் இடிப்பார். பன்றிக்கென்றால் ஒரு பெரிய குண்டு, முயலுக்கென்றால் சின்னச் சில்லுகள். எதற்குச் சுடப்போகிறோம் என்று தெரியாமல் அவர் ஒருநாளும் துவக்கு இடித்ததில்லை. பள்ளிக்கூடம் போகாத மனிதர். அவர் பார்த்த அந்தக் கவனத்தைத்தான் பொடியன்மாரிடம் கேட்கிறேன்.

இங்கத்தைய வெள்ளைவால் மானுக்கு 308 வின்செஸ்டர் ரவை சுடும் துவக்கு வைத்திருப்பவர்கள் 150 அல்லது 165 கிரெயின் மென்மூக்குச் சன்னம், அதாவது மூக்கில் ஈயம் வெளியே தெரிகிற சன்னம், வாங்குங்கள். கிரெயின் என்பது சன்னத்தின் எடை அளவு, 150 கிரெயின் பத்துக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. 243 என்றால் 100 கிரெயின், அதற்கும் சிறிய சன்னம் மானுக்கு வேண்டாம். 30-30 லீவர் துவக்கு என்றால் 150 அல்லது 170, மூக்குத் தட்டையானதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் சுடுகுழலுக்குக் கீழே உள்ள குழாயில் ரவைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்மூக்கு உலோகச் சன்னம் போட்டால் முன்னாலுள்ள ரவையின் அடியில் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். மருந்து கூடிய மக்னம் ரவை தேவையே இல்லை. எங்கள் பற்றைக்காட்டில் நூறு யாருக்கு மேல் நான் சுட்டது இரண்டே தரம். எஸ்.கே.எஸ். வைத்திருப்பவருக்கும் மென்மூக்கு ரவை கிடைக்கும். எங்கள் குழுவில் அந்த நண்பர் இப்போது அதைத்தான் பாவிக்கிறார்.

இன்னொன்று, வீட்டில் சமைப்பவர்களுக்கு. விரியும் ஈயச் சன்னம் மிகச் சிறு துகள்களாகவும் உதிரும். காயத்துக்கு ஒரு சாண் தள்ளிக்கூட அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, பல்லிலும் தட்டுப்படாது. 2008இல் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில், ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த அரைத்த மான் இறைச்சியைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது ஈயத் துகள்கள் தெரிந்தன. அதைக் கொடுக்க வேண்டாம் என்று மாநில அதிகாரிகள் நிறுத்தினார்கள். நாங்களோ ஒரு மானை ஆறேழு வீட்டுக்குப் பங்கு போடுகிறவர்கள். அதைச் சாப்பிடுவது சின்னப் பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும்தான். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், அந்தத் துண்டை அரைக்கவே வேண்டாம்.

என் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த வருஷம் நான் முழுச் செம்புச் சன்னத்துக்கு மாறினேன். விலை கூடத்தான். செம்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது, அதே எடைக்குச் சன்னம் நீளமாக இருக்கும். அதனால் 165 பாவித்த நான் 150க்கு இறங்கினேன். செம்பு விரிவதற்கு வேகமும் வேண்டும், தூரத்தில் வேகம் தளர்ந்த பிறகு பட்டால் சரியாக விரியாது. குறியையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். நூறு யாரில் என் துவக்கில் ஈயச் சன்னம் பட்ட இடத்துக்கு இரண்டரை அங்குலம் கீழே செம்பு பட்டது. பார்க்காமல் காட்டுக்குப் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

இந்தக் கடிதத்தைச் செப்டெம்பர் முடியமுன்னர் பிரசுரித்தால் உதவியாக இருக்கும். இரண்டு மூன்று வகை ரவையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, சுடுதளத்தில் தன் துவக்குக்கு எது ஒத்துவருகிறது என்று பார்க்க ஒருவருக்கு நாலைந்து சனிக்கிழமையாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானில் பிறந்த ஒரு வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ