ஞாயிறு கூட்டம்: பிள்ளைகளும் வேப்பும்

வணக்கம், சுங்கை சிப்புட் தாமான் பெற்றோர்களே. கோயில் மண்டபத்துக்குப் பின்னால், செம்பனை மரத்தடியில் நம் பிள்ளைகள் ஒளிந்து வேப் (மின்சிகரெட்) ஊதுவதைப் பலரும் பார்த்துவிட்டோம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பாலாய் ராயாவில் (சமூக மண்டபத்தில்) பேசுவோம். கிளினிக் தாதி வருகிறார்.

1. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அப்பாக்களும் வரவேண்டும், அம்மாக்களை அனுப்பிவிட்டு ஒட்டுக்கடையில் உட்காராதீர்கள்!

2. பள்ளிப்பையைப் பாருங்கள். ஹைலைட்டர் பேனா மாதிரியே வேப் வருகிறது. மாம்பழ வாசம் அடித்தால் பழம் என்று விட்டுவிடாதீர்கள்.

3. 1.10.2024 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேப் விற்பது குற்றம். அவர்கள் புகைப்பதும்தான். விற்கும் கடை தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் போட வேண்டாம்.

4. அடிக்காதீர்கள். விட நினைக்கும் பிள்ளைக்கு அரசாங்கக் கிளினிக்கில் உதவி உண்டு.

வீட்டுக்கு எத்தனை பேர் என்று வெள்ளிக்குள் பதில் போடுங்கள், மீகூன் பிரட்ட வேண்டும்.

செயலாளர்