கண்ணுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சோதனைக் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கையருக்கு,

வணக்கம். தருமபுரியில் நீங்கள் அண்மையில் நடத்திய திரையிடலுக்கு வந்திருந்தேன். கதை சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை உதறிவிட்டு, ஒளியையும் அசைவையும் நம்பிப் படமெடுக்க நம் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடிப் பாறை ஓவியத்தை வைத்து எடுத்த படம் நினைவிருக்கிறதா? வெள்ளை நிறத்தால் மட்டுமே தீட்டிய குதிரை வீரர்கள். அந்த உருவத்தைக் கண் பற்றிக்கொள்வதற்குள் அதன்மேல் அருவி, அருவியின்மேல் நெருப்பு, அதற்கும் மேலே ஓடும் எழுத்து. நொடிக்கு நொடி வெட்டு. எதைப் பார்ப்பது என்று புரியாமல் என் வரிசையில் பலர் கைபேசியை எடுத்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கவனத்தை முதலில் சிதறடித்தது திரைதான்.

கண்ணைத் திணறடிப்பது சோதனை சினிமாவின் மரபுதானே என்று கேட்பீர்கள். மரபுதான். அமெரிக்கரான டோனி கான்ராட் 1966இல் எடுத்த 'தி ஃபிளிக்கர்' வலிப்பு வரக்கூடும் என்ற எச்சரிக்கையோடு தொடங்கி அரை மணி நேரம் பார்ப்பவரைக் கலங்கடிக்கிறது. தலைப்பையும் எச்சரிக்கையையும் எடுத்துவிட்டால் அதில் இருப்பவை கறுப்பு பிரேமும் வெள்ளை பிரேமும் மட்டுமே. அவை மாறிவரும் கணக்கிலேயே, படச்சுருளில் இல்லாத நிறங்கள் பார்ப்பவர் கண்ணில் எழுகின்றன. ஆஸ்திரியாவின் பீட்டர் குபெல்கா 1960இலேயே ஒளி, இருள், ஓசை, மௌனம் ஆகிய நான்கை மட்டும் வைத்து ஒரு படத்தையே செய்தார். அமெரிக்காவின் ஸ்டான் பிராக்கேஜ் 1963இல் கேமராவே இல்லாமல், விட்டில் சிறகுகளையும் பூவிதழ்களையும் புல்லையும் ஒட்டுநாடாக்களுக்கு நடுவே பதித்து 'மாத்லைட்' செய்தார். எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் அதன் பெருக்கத்தைக் கண் தாங்குகிறது. உங்கள் படங்களிலோ எடிட்டிங் மென்பொருளில் கிடைத்த எதையும் விட்டுவைக்க மனம் வரவில்லை.

வெளிநாட்டை விடுங்கள். நம் பாரதக் கூத்தில் இல்லாத மிகையா? கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், முகம் நிறைய அரிதாரம். துரியோதனன் வந்து நின்றால் கண் கூசும். ஆனால் அவன் சட்டென்று வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னே நின்று பாடுகிறான். முதலில் குரல், பிறகு சலங்கைச் சத்தம், பிறகு கிரீடத்தின் நுனி. திரை விலகும்போது அத்தனை பளபளப்பையும் வாங்கிக்கொள்ள நாம் தயாராக இருக்கிறோம். விடிய விடிய நடப்பதால் நடுவே கண்ணயர்பவர்களும் உண்டு. கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் வந்து, விட்ட இடத்தை எடுத்துக்கொடுக்கிறான். பார்ப்பவர் கவனம் அலையும் என்று அறிந்தே கட்டிய கலை அது. உங்களில் சிலர் கூத்தாடும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

மல்லப்பாடிப் படத்தை எடுத்தவரிடம் ஒரு வேண்டுகோள். மேலே போட்ட அடுக்குகளையெல்லாம் நீக்கிவிட்டு, பாறையும் வெயிலும் மட்டும் உள்ள ஒரு பிரதியைத் தயார்செய்து திரையிடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துப் பேசலாம்.

திரையிடலை நடத்துபவர்கள் ஒரு படம் முடிந்ததும் அடுத்ததை உடனே ஓட்ட வேண்டாம். விளக்கைப் போட்டுச் சற்று நேரம் விடுங்கள். ஒளி துடிக்கும் படமென்றால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வாயால் சொல்லுங்கள்; அவர்கள் எழுந்து வெளியே போக வசதியாகக் கதவருகே நாற்காலிகளை ஒதுக்கி வையுங்கள்.

அன்புடன்,
பென்னாகரத்திலிருந்து உங்கள் பார்வையாளர் ஒருவர்