ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஏற்ற இயந்திரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில், அதாவது மின்நிலையங்கள் முழுவீச்சில் ஓடினால் தரக்கூடிய அளவில் பாதி, நிலக்கரி முதலான புதைபடிவ எரிபொருள் சாராதது என்ற நிலையை எட்டிவிட்டதாக 2025-இல் மத்திய அரசு அறிவித்தது. 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டுகள் முந்தியது பெருமைதான். ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. நாடு உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு இன்றும் நிலக்கரியே தருகிறது. பக்கத்துத் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு ஒடிசா நிலக்கரி கப்பலேறி வந்துகொண்டிருக்கிறது.

நம் வாசலிலேயே காற்று வீணாகிறது. மலைகளுக்கு இடையே ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஆனி, ஆடியில் இருசக்கர வாகனத்தில் போகிறவரைச் சாலையோரம் தள்ளிவிடும். அந்தக் காற்றுக்கு நடுவே முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளுள் பல, தொண்ணூறுகளில் வைத்த 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். கோபுரங்களின் உயரம் முப்பது மீட்டர்தான். சிலவற்றில் கோபுரத்தின் மேல் எண்ணெய் வழிந்த கறை காய்ந்திருக்கிறது, இறக்கை அசைவதில்லை. நூறு மீட்டருக்கு மேல் நிற்கும் இன்றைய 3 மெகாவாட் இயந்திரம் ஒன்று, இவற்றில் பத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு ஈடு. நாட்டிலேயே சிறந்த காற்றிடங்களில் ஒன்றைப் பழைய இயந்திரங்களுக்கு விட்டுவைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024-இல் தமிழக அரசு கொள்கை வெளியிட்டது. வரவேற்கிறேன். ஆனால் சிக்கல் நிலத்தில் இருக்கிறது. அன்று வரிச்சலுகைக்காக முதலீடு செய்தவர்களும், தங்கள் ஆலைக்கு மின்சாரம் வேண்டி வைத்த மில் உரிமையாளர்களும் துண்டுதுண்டாக இடம் வாங்கினார்கள். பெரிய இயந்திரத்துக்கு வேண்டிய இடைவெளி ஒருவரின் துண்டு நிலத்தில் கிடைக்காது. நான்கைந்து பேர் சேர்ந்தாக வேண்டும், யார் சேர்த்துவைப்பது?

இன்னொன்று, மின்சாரத்தைக் கொண்டுபோகும் மின்தடம். நல்ல காற்று நேரத்தில் தடத்தில் இடமில்லை என்று ஓடும் காற்றாலையை நிறுத்தச் சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது. துணை மின்நிலையத்தையும் கம்பிகளையும் வலுப்படுத்தாமல் இயந்திரத்தை மட்டும் மாற்றினால் அதே கதைதான்.

அரசு ஒரு துணை மின்நிலையத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அதன் கீழுள்ள பழைய இயந்திரங்களைக் கணக்கெடுத்து, உரிமையாளர்களை அழைத்துப் பேசி, நிலத்துக்கேற்ற பங்கோடு கூட்டாக இயந்திரம் நிறுவ வழிசெய்ய வேண்டும். இடையிலுள்ள தென்னந்தோப்பு, வாழைத்தோட்டக்காரர்களையும் அந்தப் பேச்சில் முதலிலேயே சேர்க்க வேண்டும். அடுத்த காற்றுச் சீசனுக்குள் கணக்கெடுப்பையாவது முடிக்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்