எந்த இலவச போட்டோ எடிட்டர் உங்களுக்குச் சரிவரும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பிரிண்ட் போடப் படம் கொண்டுவரும் பலர் எங்களிடம் கேட்பது இதுதான்: "வீட்டிலேயே கொஞ்சம் சரி பண்ணிக் கொண்டுவரலாம் என்று பார்க்கிறேன், காசு இல்லாமல் எந்த மென்பொருள் நல்லது?" கவுன்டரில் நின்றபடி ஒரே பெயரைச் சொல்லி அனுப்பினால் பாதிப் பேருக்கு அது பொருந்தாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். உங்களில் பலருக்குப் புதிதாக எதையுமே இறக்கத் தேவையில்லை. ஓரத்தை வெட்டுவது, சாய்ந்த படத்தை நிமிர்த்துவது, கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவது, தினசரி வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். போனில் இருக்கும் கேலரி, விண்டோஸுடன் வரும் போட்டோஸ், ஐபோனிலும் மேக்கிலும் வரும் போட்டோஸ், எல்லாவற்றிலும் இந்த மூன்றும் உண்டு. அதிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள், தாராளமாகப் போதும்.

அது போதாது என்பவர்களுக்குத்தான் மீதி.

போனிலேயே வேலையை முடிக்கிறவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது ஸ்னாப்சீட். கூகுள் 2012இல் நிக் சாஃப்ட்வேர் நிறுவனத்தை வாங்கியபோது அதனுடன் வந்த ஆப் இது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். விளம்பரம் கிடையாது, படத்தின் மூலையில் தன் பெயரை அச்சடிப்பதும் கிடையாது. ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்த படம் ஒன்று உங்களிடமும் இருக்கும்: வெளியே பளீரென்று வெயில், முகம் மட்டும் கறுப்பு. மொத்தப் படத்துக்கும் வெளிச்சம் கூட்டினால் ஜன்னல் வெள்ளைத் தாளாகிவிடும். ஸ்னாப்சீட்டில் 'செலக்டிவ்' என்ற கருவியை எடுத்து முகத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் அதன் வட்டத்தை முகத்தின் அளவுக்குச் சுருக்குங்கள். அப்புறம் விரலை வலப்பக்கம் இழுத்தால் முகம் மட்டும் தெளியும், ஜன்னல் அப்படியே இருக்கும். அளவோடு இழுங்கள், அதிகமானால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் வந்து சாமி படம் மாதிரி ஆகிவிடும்.

முகத்தை மழமழவென்று ஆக்கித் தரும் அழகு ஆப்கள் பற்றியும் கேட்கிறீர்கள். போன் திரையில் அழகாகத்தான் தெரியும். ஏ4 அளவில் பிரிண்ட் போட்டால் தோலின் நுண்மை எல்லாம் அழிந்து மெழுகு பொம்மையாக வருகிறது. எங்கள் மெஷின் அதைச் சரிசெய்யாது.

இனி கணினி. விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர், லேயர் (படத்தின்மேல் படமாக அடுக்கும் தனித்தனி அடுக்கு) வைத்து நாலு வேலை செய்யவேண்டும், ஆனால் பெரிதாகக் கற்றுக்கொள்ள நேரமில்லை என்றால் பெயின்ட் டாட் நெட் போதும். சீக்கிரம் திறக்கும், பழைய கணினியையும் திணறடிக்காது. அதன் சொந்தத் தளத்தில் இறக்கினால் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கே காசு. ஸ்டோரில் கொடுக்கும் காசு மென்பொருளை எழுதியவருக்கு உதவும். கொடுப்பது உங்கள் விருப்பம். எதையும் நிறுவ முடியாத கணினி, அல்லது யாரோ ஃபோட்டோஷாப் ஃபைலை அனுப்பிவிட்டார்கள் என்றால் பிரவுசரில் ஓடும் ஃபோட்டோபியா. ஓரத்தில் விளம்பரம் வரும், ஆனால் உங்கள் படம் அவர்கள் சர்வருக்குப் போவதில்லை, எடிட்டிங் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. கேமராவில் ரா ஃபைலாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுப்பவர்கள் டார்க்டேபிளைப் பாருங்கள். மற்றவர்களுக்கு அது தேவையில்லாத தலைவலி.

ஜிம்ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் எங்களிடம் அதிகம் விசாரிக்கப்படுவதும், பாதியில் கைவிடப்படுவதும் அதுதான். 1995இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீட்டு வேலைக்கும் வியாபாரத்துக்கும் சேர்த்தே இலவசம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரை அப்புறம் திறந்து மாற்றவும் வழி வந்துவிட்டது. வெளிச்சம் கூட்டுவதற்காக மட்டும் இதை நிறுவாதீர்கள், வெறுத்துப்போவீர்கள். தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் கீறல் விழுந்து கிடக்கிறதா? அதற்கு இது.

படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஜிம்பில் திறந்து, லேயரை நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். 'ஹீல்' கருவியை எடுத்து, பிரஷ்ஷைக் கீறலைவிடச் சற்றே பெரிதாக வையுங்கள். கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு கீறலுக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் இடத்தை ஒரு கிளிக், அப்புறம் கீறலின்மேல் சின்னச் சின்னதாகத் தடவுங்கள். கன்னம், சுவர், சேலையின் வெற்றுப் பகுதி எல்லாம் அழகாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் கருத்த முடி வெள்ளைச் சுவரைத் தொடும் ஓரத்தில் ஹீல் கருவி இரண்டு நிறத்தையும் கலந்து அழுக்காக்கிவிடும். அந்த இடத்துக்கு, நிறத்தைக் கலக்காமல் அப்படியே நகலெடுத்து ஒட்டும் 'குளோன்' கருவிக்கு மாறுங்கள்.

வேலை முடிந்தபின் ஜிம்பில் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வகையில்தான் சேமிக்கும். லேயரெல்லாம் அதில் பத்திரமாக இருக்கும், அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தர 'எக்ஸ்போர்ட்' போய் ஜேபெக் ஆக எடுங்கள், தரத்தை 90க்குக் கீழே இறக்காமல். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பச் சேமிக்கும்போதெல்லாம் தரம் கொஞ்சம் குறையும். அதனால் திருத்தம் முழுவதையும் முடித்துவிட்டு ஒரே தடவை எடுப்பது நல்லது.

சரி, நாங்கள் பெயர் சொல்லாத ஆப் ஒன்று உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால்? ஃபில்டர் எத்தனை இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஒரு படத்தை உள்ளே கொடுத்து, சும்மா ஓரம் வெட்டாமல் சேமித்து, வெளியே வந்ததன் விவரத்தைத் திறந்து பிக்சல் அளவைப் பாருங்கள். 4000க்கு 3000 என்று உள்ளே போனது 1280க்கு 960 என்று வெளியே வந்தால் அந்த ஆப்பை அழித்துவிடுங்கள். 4க்கு 6 அங்குல பிரிண்ட்டுக்கே 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். முழு அளவில் எடுக்கக் காசு கட்டு என்று கடைசியில் கேட்பவையும் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் உழைத்தபின் அது தெரிவதைவிட முதலிலேயே தெரிந்துகொள்வது மேல்.

'இலவசம்' என்று போட்டிருப்பதில் சில, ஏழு நாள் வெள்ளோட்டம்தான். கார்டு விவரம் கேட்கும், நாள் முடிந்ததும் தானாகவே பணம் எடுக்கும். கார்டு கேட்டாலே அது இலவசமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பில் இறக்காமல், மென்பொருளின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நூறு படத்தை ஒரே மூச்சில் சின்னதாக்க இர்ஃபான்வியூ அருமை, ஆனால் அது வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம், வியாபாரத்துக்கு உரிமம் வாங்கவேண்டும்.

எதில் எடிட் செய்தாலும் எங்களுக்கு அனுப்பும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். போன் படம் பெரும்பாலும் 4:3 விகிதம், 4க்கு 6 பிரிண்ட் 3:2. படத்தின் குட்டையான பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். எந்தப் பக்கம் வெட்டுவது என்பதை நீங்களே 3:2இல் கிராப் செய்து முடிவு பண்ணிவிட்டால், ஓரத்தில் நிற்கும் மாமாவின் தலை தப்பும். அப்புறம் திரையின் வெளிச்சம். முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்த படம் தாளில் இருட்டாகத்தான் வரும். திரையைப் பாதிக்கு இறக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக இணையுங்கள். எடிட் செய்ததோடு அசல் படத்தையும் சேர்த்து அனுப்பினால், பிரிண்ட்டில் நிறம் சரியில்லை என்று தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்த்து உங்களைக் கூப்பிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பிரிண்ட் கடையிலிருந்து