போனுக்குள் சொன்னதைக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டுங்கள்

பிரித்தானியக் கட்சிகளின் தேர்தல் பரப்புரைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். லண்டன் ஹரோவில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பேப்பர், பால், பாண், லொத்தர், மூலையில் ஒரு பெட்டியில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். இந்த நாட்டின் குடியுரிமை கிடைக்க முன்னமே, பொதுநலவாய நாட்டவன் என்ற உரிமையில் இங்கே வாக்குப் போடத் தொடங்கினேன். அன்றிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. எந்தக் கட்சியிலும் அங்கத்தவன் இல்லை. ஆகவே இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான்: சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, புதிதாக வந்திருக்கும் மயில்நீலம் உட்பட.

2024 ஜூன் மாதம், பொதுத் தேர்தல் நெருங்கிய ஒரு இரவு. சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவாமல் மூன்று பேரும் மேசையிலேயே இருந்தோம். மகன் தன் போனை நீட்டினான். வீட்டு வாடகையைப் பற்றி ஒரு கட்சியின் விளம்பரம். அதே கட்சி என் மனைவிக்கு ஆஸ்பத்திரிக் காத்திருப்புப் பட்டியலைப் பற்றிச் சொல்லியிருந்தது. எனக்கு வந்தது கடைக்காரர் கட்டும் வரி. கட்சியின் பெயர் வேண்டாம், நீங்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறீர்கள். மூலையில் இருந்த மூன்று புள்ளிகளை அழுத்தி, இது எனக்கு ஏன் காட்டப்படுகிறது என்று பார்த்தேன். வயது, லண்டன், பிறகு விளம்பரம் கொடுத்தவர் ஏற்றிய ஒரு பட்டியலில் நான் இருக்கலாம் என்று ஒரு வரி. என்ன பட்டியல்? அதற்கு மேல் அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை.

வாக்காளர் இடாப்பின் முழுப் பிரதி உங்களுக்குச் சட்டப்படியே கிடைக்கிறது. யார் வாக்குப் போட வந்தார், யார் வரவில்லை என்று குறித்த பிரதியும் கிடைக்கிறது. அதில் சாதி சமயம் எழுதியிருக்காது. ஆனால் பெயர் இருக்கும், எங்கள் பெயர்களின் நீளமே காட்டிக்கொடுத்துவிடும். 2016 லண்டன் மேயர் தேர்தலில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் சாக் கோல்ட்ஸ்மித்தின் பெயரில் தமிழர் வீடுகளுக்கென்றே ஒரு கடிதம் போனது. எதிர்த்து நின்ற தொழிற்கட்சி வேட்பாளர் சாதிக் கான் அமைச்சராக இருந்தபோது இலங்கைத் தமிழரின் பிரச்சினையைப் பேசவில்லை, அவருடைய கட்சியால் உங்கள் குடும்பத்துப் பரம்பரை உடைமைகளுக்கு வரி வரும் என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். தமிழனை அசைக்க முள்ளிவாய்க்காலும் தாலிக்கொடியும் போதும் என்று எங்கோ ஒரு அலுவலகத்தில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார். கணக்குப் பிழைத்தது, கான் வென்றார்.

ஆனால் அது கடதாசி என்பதைக் கவனியுங்கள். கையில் பிடிக்கலாம், படம் எடுக்கலாம், செய்தியாளரிடம் கொடுக்கலாம். அப்படித்தான் ஊரெல்லாம் தெரிந்து சந்தி சிரித்தது. இன்று அதே கடிதம் பத்து விநாடி வீடியோவாக என் போனுக்கு வந்திருந்தால், விரலால் ஒரு தள்ளு, போயிற்று. பக்கத்து வீட்டு ஆங்கிலேயக் கிழவருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. அவருக்கு என்ன வந்தது என்று எனக்கும் தெரியாது. என்னைப் பற்றித்தான் ஏதாவது வந்திருக்குமோ?

என் கடை வாசல் தட்டில் காலையில் எட்டுப் பத்துப் பத்திரிகைகள் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று பரம எதிரி. தலைப்புகளில் பொய் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பால் வாங்க வரும் குஜராத்தி அம்மாவும், சிகரெட் வாங்கும் போலந்துத் தம்பியும், நானும் அதே தலைப்பைத்தான் பார்க்கிறோம். பார்த்த பிறகு கல்லாவுக்கு முன்னால் நின்று சண்டை பிடிக்கவும் முடிகிறது. 2024இல் அந்தச் சண்டை நடக்கவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு தேர்தலில் இருந்து வந்தவர்கள் போலப் பேசினார்கள்.

எல்லோர் முன்னாலும் சொன்ன பொய் பிடிபடும். 2024 ஜூன் 4 டிவி விவாதத்தில், தொழிற்கட்சி வந்தால் குடும்பத்துக்கு 2,000 பவுண் வரி கூடும் என்றார் அப்போதைய கன்சர்வேட்டிவ் பிரதமர் ரிஷி சுனக். அது நான்கு வருடத்துக் கூட்டுத்தொகை என்று கேட்பவருக்கு விளங்க வழியில்லை என்று புள்ளிவிவரக் கண்காணிப்பு அலுவலகம் இரண்டாம் நாளே சொல்லிவிட்டது. 2019 தேர்தல் விவாதத்தின்போது கன்சர்வேட்டிவ் ஊடகப் பிரிவு தன் ட்விட்டர் கணக்குக்கு உண்மை சரிபார்ப்பவர் வேடம் போட்டது, அன்றிரவே நாறியது. தொழிற்கட்சி மட்டும் சுத்தமா? சிறுவர்களைப் பாலியல் ரீதியாகத் தாக்கியவர்கள் சிறைக்குப் போகவேண்டும் என்று சுனக் நினைக்கவில்லை என்ற பொருளில் 2023இல் நீங்கள் போட்ட படத்துக்கு உங்கள் ஆட்களே தலைகுனிந்தார்கள். எல்லோர் கண்ணிலும் பட்டதால்தான் இதெல்லாம் நடந்தது.

சட்டம் உங்களுக்கு விட்டிருக்கும் இடைவெளி எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் விற்கும் சவர்க்காரத்தின் விளம்பரம் பொய் என்றால் விளம்பரத் தர அமைப்பிடம் முறையிடலாம். தேர்தல் விளம்பரத்தை அந்த அமைப்பு 1999இல் கைவிட்டுவிட்டது. டிவியிலும் வானொலியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் போட 2003ஆம் ஆண்டுச் சட்டம் விடாது, இணையத்தில் போடலாம். எதிர் வேட்பாளரின் நடத்தையைப் பற்றிப் பொய் சொன்னால் பதவியே போகும். 2010இல் 103 வாக்கில் வென்ற தொழிற்கட்சி எம்.பி. ஃபில் வூலாஸுக்கு அதுதான் நடந்தது. வரியைப் பற்றியோ ஆஸ்பத்திரியைப் பற்றியோ சொன்னால் ஒன்றும் இல்லை.

2023 நவம்பரிலிருந்து இணைய விளம்பரத்திலும் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் போடவேண்டும் என்பது நல்ல மாற்றம்தான். யார் பேசுகிறார் என்று தெரிகிறது. வேறு யார் காதில் என்ன சொன்னார் என்பதுதான் தெரியவில்லை. பேஸ்புக் நிறுவனத்தின் விளம்பரக் களஞ்சியத்தில் தேடினால் கிடைக்குமே என்பீர்கள். தேடினேன். செலவு இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில் என்று இருக்கிறது. நீங்கள் ஏற்றிய பட்டியலில் யார் யார் என்பது அங்கே இல்லை.

ஆகவே உங்களிடமே கேட்கிறேன், சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியது. காசு கொடுத்துப் போட்ட ஒவ்வொரு விளம்பரத்தையும் உங்கள் சொந்தத் தளத்தில், போட்ட அன்றே போடுங்கள். யாருக்கென்று தெரிவு செய்தீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே எழுதுங்கள்: 'தமிழ்ப் பெயர் உள்ளவர்கள்' என்றால் அப்படியே. தமிழில் எங்களுக்கு ஒன்று சொன்னால் பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் போடுங்கள். கோயில் தேருக்கு மாலையோடு வந்து 'வனக்கம்' சொல்வதை நான் குறை சொல்லவில்லை, அதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

கடைக் கண்ணாடியில் நான் விளம்பர அட்டைகள் ஒட்டுவதுண்டு. அறை வாடகைக்கு, கணக்குப் பாடம், காணாமல் போன பூனை. வாரத்துக்கு ஒரு பவுண். அடுத்த தேர்தலுக்கு உங்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு இடம் இலவசம், ஒரே அளவு. என் போனுக்கு எதை அனுப்பினீர்களோ அதையே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தாருங்கள், பால் வாங்க வருகிறவர்கள் வாசிக்கட்டும். கீழே வெளியிட்டவர் பெயரும் முகவரியும் போட மறக்கவேண்டாம், பிறகு எனக்கல்லவா பிரச்சினை.

இப்படிக்கு,
ஹரோவில் ஒரு கடைக்காரன்