எந்த 32 ஐயா அது? ஓஎஸ் லேப் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பொறியியல் கல்லூரிகளில் ஓஎஸ் லேப் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

இந்த செமஸ்டரும் அதே கெர்னல் கோடுதான் பென் டிரைவில் கைமாறியிருக்கிறது, அதே மொட்டை எண்களோடு, அதாவது இன்னது என்று பெயர் வைக்காத எண்களோடு.

அதில் 32 என்று தேடிப் பாருங்கள். ஹெக்ஸில் 20 என்று இருந்தாலும் கதை அதுதான். ஓரிடத்தில் அது, சாதனங்களின் இன்டரப்ட்களை (சிபியுவைக் கூப்பிடும் குறிப்புகளை) முன்னுரிமைப்படி சிபியுவுக்கு அனுப்பும் இரண்டு 8259 பிஐசி சிப்புகளில் முதலாவதின் போர்ட் எண். பக்கத்திலேயே, 'இன்டரப்டைக் கவனித்தாயிற்று' என்று அந்த போர்ட்டுக்கு அனுப்பும் ஈஓஐ கட்டளை. இன்டரப்ட் வந்தால் எந்தக் கோடை ஓட்டுவது என்று சொல்லும் ஐடிடி அட்டவணையில், முதல் ஐஆர்கியூவின் (சாதனத்தின் இன்டரப்ட் கம்பியின்) வெக்டர், அதாவது வரிசை எண். 0 முதல் 31 வரை சிபியுவின் எக்ஸெப்ஷன்களுக்கு (பூஜ்ஜியத்தால் வகுப்பது போன்ற பிழைகளுக்கு) போய்விட்டதே. சீரியல் டிரைவரில், அடுத்த எழுத்தை அனுப்பலாமா என்று பார்க்கும் பிட். திரையைத் துடைக்கும் இடத்தில் வெறும் ஸ்பேஸ்.

போர்ட்டுக்கு ஒரு பைட்டை அனுப்பும் அவுட்பி(32, 32) என்ற வரியில் எது போர்ட், எது கட்டளை? இடம் மாற்றி எழுதினாலும் ஓடும். வினை அடுத்த வரியில் இருக்கிறது. பாடத்துக்கென எழுதப்பட்ட எக்ஸ்86 எக்ஸ்வி6 கெர்னலில் போர்ட் முதலில். லினக்ஸில் மதிப்பு முதலில். லினக்ஸைப் பார்த்துப் பழகிய மாணவர், போர்ட் 160 கொண்ட இரண்டாவது சிப்புக்கான (160, 32)-ஐ (32, 160) என்று எழுதிவிடுகிறார். கம்பைலர் வாய் திறக்காது. 160 முதல் சிப்புக்குப் போய், ஈஓஐயோடு முன்னுரிமை வரிசையையும் சுழற்றிவிடும். இரண்டாவது சிப்புக்கு ஈஓஐ போய்ச் சேராது. மவுஸை ஒருமுறை அசைத்ததும் ஐஆர்கியூ 12 அடைத்துக்கொள்ளும். அதைவிட முன்னுரிமை குறைந்த 14, அதாவது டிஸ்க், அதோடு நின்றுவிடும். டைமரும் கீபோர்டும் ஓடிக்கொண்டிருப்பதால் மாணவர் டிஸ்க் டிரைவரைக் குடைந்துகொண்டிருப்பார். பிழை அங்கே இல்லவே இல்லை.

பிஐசி2_கமாண்ட், பிஐசி_ஈஓஐ என்று இருந்தால் இடம் மாறியது படிக்கும்போதே கண்ணில் குத்தும். பெயர் வையுங்கள், அதைத்தான் கேட்கிறோம்.

ரெக்கார்டு நோட்டில் மார்ஜின் கோணினால் திருப்பி அனுப்புகிறீர்கள். வைவாவில் செமஃபோர் விளக்கத்தை ஒப்பிக்கச் சொல்கிறீர்கள். 160 என்றால் என்ன என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டுமே! பொறுத்தருள்க, பேச்சு எங்கோ போகிறது.

மாற்றும்போது எடிட்டரில் எல்லா 32-ஐயும் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள்; ஸ்பேஸும் பிஐசி போர்ட் ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பொருள் பார்த்துப் பெயர் வையுங்கள். 'முப்பத்திரண்டு' என்றே பெயர் வைத்தால் வைத்தும் பயனில்லை. முன்னும் பின்னும் ஆப்ஜ்டம்ப் (கம்பைல் ஆன கோடின் இன்ஸ்ட்ரக்‌ஷன் பட்டியல்) எடுத்து டிஃப் போடுங்கள்: பெயர் மட்டும் மாறியிருந்தால் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒன்றும் மாறியிருக்காது. 0644 போன்ற ஃபைல் பர்மிஷனை அப்படியே விடலாம். லினக்ஸின் கோடிங் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச்சே அங்கே எண்ணைத்தான் கேட்கிறது.

ஒரே ஒரு ஹெடர் ஃபைல், ஒரு மதிய நேர வேலை. அடுத்த பேட்சுக்குப் பென் டிரைவை நீட்டும் முன் பெயர் வைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓஎம்ஆரில் டிரைவர் எழுதும் முன்னாள் மாணவர்கள்